கடைக் கம்ப்யூட்டருக்கும் மாதிரி பார்ப்போம்!

துவரம்பருப்பு நூறு மூட்டை வந்து இறங்குகிறது. லாரி டிரைவர் அவசரப்படுத்துகிறார். தரகர் பல வருடம் பழகியவர். அனுப்பிய மில்லும் நமக்குப் புதிதல்ல. ஆனாலும் நாம் என்ன செய்கிறோம்? நாலு மூட்டையில் ஊசி குத்தி, உள்ளங்கையில் பருப்பைக் கொட்டி, நிறம் பார்த்து, ஒன்றை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறோம். இதில் யாருக்கும் அவமரியாதை இல்லை. வியாபாரத்தின் முறை அது.

அதே நாம், ரூ.25,000 கொடுத்துக் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது பெட்டியின் பளபளப்பையும் திரையின் அகலத்தையும் மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், "எட்டு ஜிபி, ஐ5, நல்ல மெஷின்" என்று விற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வோம். சரக்கின் மாதிரி பார்க்கத் தெரிந்த நமக்குக் கம்ப்யூட்டரின் மாதிரி பார்க்கத் தெரியவில்லை. அது தெரியாததால் பணத்தை இழந்தவர்களில் இந்தக் கட்டுரையை எழுதுகிறவனும் ஒருவன்.

2022-ல் எங்கள் மொத்த விற்பனைக் கடையில் இரண்டாவது பில் மேஜைக்கென்று ரூ.24,000-க்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். எட்டு ஜிபி மெமரி என்றும், புது மெஷின் மாதிரியேதான் என்றும் சொன்னார்கள். அந்த "மாதிரியே" என்ற சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை. பண்டிகை நாட்களில் கூட்டம் சேர்ந்தால் மெஷின் திணறும். ஒரு பில் அடித்து முடிப்பதற்குள் வாடிக்கையாளர் இரண்டு முறை கடிகாரம் பார்ப்பார். பில் போடும் மென்பொருளைக் குறை சொன்னேன். பில் போடும் தம்பியைக்கூடக் கடிந்துகொண்டேன்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் முடிகின்றன என்று தெரிந்ததும், இதை விண்டோஸ் 11-க்கு மாற்றலாம் என்று நினைத்தேன். மெஷின் ஏற்கவில்லை. கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் வந்தான். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தான். ஒரே ஒரு சொல்லை அடித்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"மாமா, இதில் எட்டு இல்லை, நாலுதான் இருக்கிறது. மதர்போர்டு 2013 சமாச்சாரம். இதற்கு முன்னால் இது ஏதோ ஒரு கம்பெனியில் இருந்திருக்கிறது, அந்தப் பெயர்கூட இன்னும் அழியவில்லை பாருங்கள்" என்றான்.

நான் வாங்கிய அன்றே அந்த மெஷினுக்கு ஒன்பது வயது! அந்தச் சொல்லை 2022-ல் பணம் கொடுக்கும் முன் நானே அடித்துப் பார்த்திருக்கலாம். அதற்குப் படிப்பும் தேவையில்லை, செலவும் இல்லை.

அந்த ஒரு சொல்

டாஸ் காலத்தில் கம்ப்யூட்டர் பழகியவர்களுக்குக் கறுப்புத் திரை புதிதல்ல. மெமரி எவ்வளவு என்று பார்க்க அப்போதே தனிக் கட்டளை உண்டு. 1993-ல் வந்த எம்.எஸ்.டாஸ் 6-ல் மெஷினின் விவரங்களைக் காட்டும் எம்.எஸ்.டி. என்ற நிரலும் இருந்தது. அதே வேலையை இன்று விண்டோஸில் செய்வது "சிஸ்டம்இன்ஃபோ" என்ற கட்டளை. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி புரொபஷனல் காலத்திலிருந்து இது விண்டோஸுடனேயே வருகிறது. தனியாக எதையும் வாங்கவோ ஏற்றவோ வேண்டாம்.

செய்முறை இதுதான். விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் உள்ள விசையை அழுத்திக்கொண்டு ஆர் எழுத்தைத் தட்டுங்கள். சிறு கட்டம் ஒன்று தோன்றும். அதில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை அடித்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை திறக்கும். அங்கே எஸ், ஒய், எஸ், டி, இ, எம், ஐ, என், எஃப், ஓ என்ற பத்து எழுத்துகளை இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். "சிஸ்டம்", "இன்ஃபோ" என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் ஒட்டி நிற்கின்றன, அவ்வளவுதான். சில விநாடிகளில் மெஷினின் ஜாதகம் வரிவரியாக வந்துவிடும்.

இந்தக் கட்டளை எதையும் மாற்றாது, அழிக்காது. பார்த்துச் சொல்வது மட்டும்தான் இதன் வேலை. ஆகவே கடைக் கணக்குக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

எந்த வரியில் என்ன பார்ப்பது?

வரும் வரிகள் எல்லாம் நமக்குத் தேவையில்லை. வியாபாரி பார்க்க வேண்டியவை ஆறேழு வரிகள்தான்.

முதலாவது, மொத்த மெமரி. "டோட்டல் பிசிக்கல் மெமரி" என்ற வரியில் எம்.பி. கணக்கில் எண் இருக்கும். 1,024 எம்.பி. ஒரு ஜிபி. எட்டு ஜிபி மெஷினில் எண் எட்டாயிரத்தை ஒட்டியும், நாலு ஜிபி மெஷினில் நாலாயிரத்தை ஒட்டியும் வரும். திரைக்காட்சிக்கென்று மெஷின் கொஞ்சம் எடுத்துக்கொள்வதால் சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. ஆனால் எட்டு என்று சொல்லி வாங்கியதில் 3,900 சொச்சம் வந்தால் அது எடைக்குறைவுதான். அடுத்த வரியில் அந்த நேரத்தில் காலியாக இருக்கும் மெமரி தெரியும். கூட்டமான நேரத்தில், பில் மென்பொருள் ஓடும்போதே இதைப் பாருங்கள். காலி இடம் சில நூறு எம்.பி.தான் என்றால் மெஷின் திணறுவதன் காரணம் பெரும்பாலும் அதுவே. புது மெஷின் வாங்காமல் மெமரியை மட்டும் கூட்டினால் போதுமா என்று அப்போது விசாரிக்கலாம்.

இரண்டாவது, பயாஸ் வரி. மதர்போர்டுடன் வரும் அடிப்படை நிரலின் தேதி இதில் இருக்கும். ஆண்டை மட்டும் பார்த்தால் போதும். மாவுப் பாக்கெட்டில் தயாரித்த தேதி பார்ப்பது போலத்தான். பின்னாளில் இந்த நிரலைப் புதுப்பித்திருந்தால் தேதி புதிதாகக் காட்டும். ஆகவே புதுத் தேதி இருப்பதால் மட்டும் மெஷின் புதிது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பத்து வருடப் பழைய தேதி இருந்தால் மெஷினும் பழையது என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது, பிராசஸர் வரி. இங்கே பலர் குழம்புவார்கள். "ஐ5" என்ற பெயர் இந்த வரியில் வராது. இன்டெல் என்றால் "ஃபேமிலி 6, மாடல் 58" என்பது போல எண்கள் வரும். மேஜைக் கம்ப்யூட்டர்களில் மாடல் 42 என்பது 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை; 58 என்பது 2012-ன் மூன்றாம் தலைமுறை; 60 என்பது 2013-ன் நான்காம் தலைமுறை; 94 என்பது 2015-ன் ஆறாம் தலைமுறை. 158 என்றால் 2017, 2018 ஆண்டுகளில் வந்த ஏழு முதல் ஒன்பதாம் தலைமுறைகளில் ஒன்று. 151 என்றால் 2021 இறுதியில் வரத் தொடங்கிய பன்னிரண்டாம் தலைமுறை. "ஐ5" என்ற பெயர் 2011-லும் உண்டு, பத்து வருடம் கழித்தும் உண்டு. பொன்னி அரிசி என்று சொன்னால் மட்டும் போதுமா? பழசா, புதுசா, எந்த ஆலை என்று கேட்போம் அல்லவா? அதே போல "எத்தனையாவது தலைமுறை?" என்று கேட்க வேண்டும். ஒரு சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் பிராசஸர்களை விண்டோஸ் 11-க்கு உரியவையாக மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை. என் மெஷின் தடுக்கப்பட்டது இதனால்தான்.

அதே இடத்தில் "1 பிராசஸர்" என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு சில்லுக்குள் நாலு, ஆறு உள்பிரிவுகள் இருந்தாலும் அங்கே ஒன்று என்றுதான் வரும்.

நான்காவது, தயாரிப்பாளர், மாடல் என்ற இரண்டு வரிகள். டெல், ஹெச்.பி., லெனோவோ போன்ற கம்பெனி மெஷின் என்றால் பெயரும் மாடலும் அங்கே இருக்கும். பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். உதிரிகளை வாங்கி உள்ளூரில் கோத்த மெஷினில் சில சமயம் "தயாரிப்பாளர் நிரப்ப வேண்டிய இடம்" என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம் அப்படியே நிற்கும். அது மோசடி அல்ல; கோத்தவர் பெயர் எழுதாமல் விட்டுவிட்டார் என்றுதான் அர்த்தம்.

ஐந்தாவது, பதிவு செய்த உரிமையாளர், நிறுவனம் என்ற வரிகள். புதிது என்று வாங்கிய மெஷினில் முன்பின் அறியாத கம்பெனியின் பெயர் இருந்தால் அது கைமாறி வந்த சரக்கு. பக்கத்திலேயே விண்டோஸ் ஏற்றிய தேதியும் இருக்கும். இதை மட்டும் வைத்து மெஷினின் வயதைக் கணக்கிடாதீர்கள். விண்டோஸை மறுபடி ஏற்றினாலும், பெரிய அளவில் புதுப்பித்தாலும் இந்தத் தேதி மாறிவிடும்.

ஆறாவது, சிஸ்டம் டைப். இதில் "எக்ஸ்64" என்று இருக்க வேண்டும். "எக்ஸ்86" என்று இருந்தால் ஓடுவது 32 பிட் விண்டோஸ். நம்மில் பலர் கணக்கெழுதும் டேலி பிரைம் 64 பிட் விண்டோஸில்தான் ஓடும். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது.

ஏழாவது, நேர மண்டலம். "சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி" என்ற ஊர்ப் பெயர்களும் 5.30 என்ற எண்ணும் இருந்தால் சரி. புதிதாக விண்டோஸ் ஏற்றித் தருகிறவர் இதைக் கவனிக்காமல் அமெரிக்க மேற்குக் கரை நேரத்திலேயே விட்டுவிடுவது உண்டு. அப்படி விட்டால், நாம் காலை 10 மணிக்குப் போடும் பில்லில் முந்தைய நாள் தேதி விழும். ஜி.எஸ்.டி. கணக்கில் மாதக் கடைசியில் இது எவ்வளவு தலைவலி என்று நம் கணக்கரைக் கேட்டால் தெரியும்.

கடைசியில் வரும் நீண்ட பட்டியல், ஏற்றப்பட்ட திருத்தங்களின் எண்கள். இதை அலட்சியம் செய்ய வேண்டாம். 2017 மே 12-ம் தேதி வானாக்ரை என்ற நச்சு நிரல் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டி, திறந்துவிட 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளே முடங்கின. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ம் தேதியே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதமாகத் திருத்தம் ஏற்றாமல் இருந்தவர்கள்தான் பெரும்பாலும் அகப்பட்டார்கள். நமது பாக்கிப் புத்தகமும் ஸ்டாக் கணக்கும் ஒரு நாள் பூட்டப்பட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

திருத்தங்கள் முழுமையாக அமலாக மெஷினை அவ்வப்போது ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். "தினமும் ராத்திரி அணைக்கிறோமே" என்பீர்கள். விண்டோஸ் 8 முதல், சீக்கிரம் எழுவதற்காக மெஷின் அரைத் தூக்கத்தில்தான் அணைகிறது. கடைசியாக எழுந்த நேரத்தைக் காட்டும் "பூட் டைம்" வரியில் போன மாதத் தேதி நின்றால் அதுதான் காரணம். வாரம் ஒரு முறை ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள்.

இது சொல்லாதவை

ஊசி குத்திய மூட்டையின் மாதிரிதான் கையில் வரும். எல்லா மூட்டையும் வராது. ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்று இந்தக் கட்டளை சொல்லாது. அது பழைய சுழலும் வகையா, வேகமான எஸ்.எஸ்.டி. வகையா என்றும் சொல்லாது. அந்த வகையை அறிய, விண்டோஸின் அண்மைய பதிப்புகளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்துத் தட்டி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். விண்டோஸ் உரிமம் அசல்தானா என்பதை செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சோதனை முழுமையாகும்.

எப்போதெல்லாம் பார்ப்பது?

வாங்கும் நாளில், பணம் கொடுக்கும் முன் விற்பவர் கடையிலேயே பாருங்கள். நேர்மையான விற்பனையாளர் முகம் சுளிக்க மாட்டார். நம் கடையில் தராசு முத்திரையைப் பார்க்கும் வாடிக்கையாளரிடம் நாம் முகம் சுளிக்கிறோமா?

பழுது பார்க்கக் கொடுக்கும் முன் ஒரு முறையும், திரும்பி வந்ததும் ஒரு முறையும் பாருங்கள். லாரியில் ஏற்றும்போது ஓர் எடை, இறக்கும்போது ஓர் எடை போடுகிறோமே, அதுபோல. எட்டு ஜிபியாகப் போனது நாலு ஜிபியாகத் திரும்பினால் அன்றே கேட்டுவிடலாம்.

வருடத்துக்கு ஒரு முறை, ஏப்ரல் மாதம் புதுக்கணக்கு தொடங்கும்போது பாருங்கள்.

வந்த விவரத்தைச் செல்போனில் படம் எடுத்து வைத்தாலே போதும். தாளில் வேண்டுமானால், சிஸ்டம்இன்ஃபோ என்று அடித்த பின் ஓர் இடைவெளி, வலப்புறம் பார்க்கும் அம்புக்குறி, மீண்டும் ஓர் இடைவெளி, அதன் பின் பி, ஐ, எல், எல், புள்ளி, டி, எக்ஸ், டி என்று அடித்து என்டர் தட்டுங்கள். விவரம் திரையில் வராமல், கறுப்புத் திரையில் பெயர் தெரியும் ஃபோல்டரில் ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும். அதை அச்சடித்து வாங்கிய பில்லோடு சேர்த்துக் கோத்து வையுங்கள். ஆனால் அந்தத் தாளை ஊரெல்லாம் அனுப்ப வேண்டாம். மெஷினின் பெயரும் நெட்வொர்க் முகவரிகளும் அதில் உண்டு.

பில்லில் என்ன எழுதியிருக்கிறது?

என் கதையின் மீதியைச் சொல்லிவிடுகிறேன். அச்சடித்த தாளோடு மெஷின் விற்றவரிடம் போனேன். அவர் பதறவில்லை. "பில்லில் என்ன போட்டிருக்கிறது அண்ணாச்சி?" என்று கேட்டார். எடுத்துப் பார்த்தேன். "கம்ப்யூட்டர் செட் – 1" என்றிருந்தது. எட்டு ஜிபி என்றோ, எந்தத் தலைமுறை என்றோ, புதிது என்றோ ஓர் எழுத்தும் இல்லை. பழகிய முகத்துக்காக நாலு ஜிபி மெமரி ஒன்றை வாங்கிய விலைக்கே போட்டுக் கொடுத்தார். பில் அடிக்கும் வேகம் கூடிவிட்டது. ஆனால் பிராசஸரின் வயதை அவராலும் குறைக்க முடியாது அல்லவா? அந்த மெஷினை இப்போது இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்து, குடோன் ஸ்டாக் எழுத மட்டும் வைத்திருக்கிறேன். பில் மேஜைக்கு வேறு வாங்க வேண்டியதாயிற்று.

நாம் யாருக்காவது "மளிகைச் சாமான் – 1" என்று பில் போடுவோமா? போட்டால் வாடிக்கையாளர்தான் வாங்குவாரா? 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவு, விவரம் சொல்லி விற்ற சரக்கு அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. ஆனால் அந்த விவரம் எழுத்தில் இருந்தால்தான் நம் வாதம் நிற்கும். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, வியாபார நோக்கத்துக்காக வாங்கிய பொருளைப் பொதுவாகத் தன் வரம்புக்கு வெளியே வைக்கிறது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவருக்குத்தான் விலக்கு உண்டு. ஆகவே நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது என்ற தைரியத்தில் வெறும் பில்லை வாங்கி வராதீர்கள். தயாரிப்பாளர், மாடல், பிராசஸரும் அதன் தலைமுறையும், மெமரி, டிஸ்க் வகையும் அளவும், சீரியல் எண், புதிதா பழையதா, உத்தரவாதம் எத்தனை மாதம் என்ற விவரங்களை எழுதச் சொல்லுங்கள். பழைய மெஷின் வாங்குவது தவறே இல்லை. பழையது என்று தெரிந்து, பழைய விலைக்கு வாங்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். நாமே கற்றுக்கொண்டு அடிக்கும் கட்டளை வேறு, பிறர் சொல்லி அடிக்கும் கட்டளை வேறு. "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, நான் சொல்வதை அடியுங்கள்" என்று போனில் யாராவது சொன்னால் வைத்துவிடுங்கள். 2024 முதல் வேறொரு தந்திரமும் பரவியது. ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தால், "நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் தட்டி, கன்ட்ரோல் விசையோடு வி எழுத்தைத் தட்டி, என்டர் கொடுங்கள்" என்று வரும். அப்படிச் செய்தால் அவர்கள் வைத்த திருட்டுக் கட்டளையை நம் கையாலேயே ஓட விடுகிறோம். கடைக் கம்ப்யூட்டரில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

வியாபார அன்பர்களே, இதைப் படித்து முடித்ததும் உங்கள் பில் மேஜைக்குப் போய் அந்தப் பத்து எழுத்துகளை அடித்துப் பாருங்கள். விற்றவர் சொன்னதும் மெஷின் சொல்வதும் ஒன்றாக இருந்தால், அவர் நல்ல வியாபாரி. நாலு பேரிடம் அவர் பெயரைச் சொல்லுங்கள். வேறாக இருந்தால், அடுத்த முறை பணப்பையைத் திறக்கும் முன் ஊசியை எடுத்துக் குத்திப் பாருங்கள்.